விழுந்தபின் மீண்டும் தடை தாண்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குதிரையில் தடை தாண்டும்போது விழுந்து அடிபட்டவர்கள் திரும்பி வரும்போது இரண்டு கேள்விகளோடு வருகிறார்கள். தாண்டும் நிலையை எப்படிச் சரிசெய்வது என்பது ஒன்று. இந்தப் பயம் எப்போது போகும் என்பது மற்றொன்று. இரண்டையும் பிரிக்க முடியாது. கீழ்க்கால் நிலைக்காதவரை பயம் விடாது. பயம் இருக்கும்வரை கீழ்க்கால் நிலைக்காது. இந்தச் சுழலை உடைக்க எளிதான இடம் மனம் இல்லை, கணுக்கால். அதனால் இந்தப் பக்கத்தில் பாதிக்கு மேல் கால், அங்கவடி (சேணத்திலிருந்து தொங்கும் கால்மிதி), கம்ப இடைவெளி பற்றித்தான் இருக்கும்.

விழுந்து எத்தனை நாளில் மீண்டும் ஏறலாம்?

அடி எங்கே என்பதைப் பொறுத்தது. எலும்பு முறிவு என்றால், எலும்பு கூடிவிட்டதென்று எக்ஸ்ரே பார்த்த மருத்துவர் சொல்ல வேண்டும். வலி குறைந்துவிட்டது என்பது போதாது. முதுகெலும்பிலோ இடுப்பெலும்பிலோ அடி என்றால், "நான் தடை தாண்டப் போகிறேன், மறுபடி விழவும் வாய்ப்பு உண்டு" என்று மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லி அனுமதி கேளுங்கள். "குதிரை ஓட்டலாமா" என்று மட்டும் கேட்டால் மெதுவான நடைச் சவாரியை மனத்தில் வைத்து அவர் சரி என்று சொல்லிவிடலாம்.

தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தால் அன்று மறுபடி ஏறவே கூடாது. முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு. வீட்டுக்குள் சாதாரண நடமாட்டம் போதும். அதன்பின் நடை, லேசான உடற்பயிற்சி, கடுமையான பயிற்சி என்று படிப்படியாக, ஒரு படிக்குக் குறைந்தது 24 மணி நேரமாவது கொடுத்து முன்னேற வேண்டும். விழும் அபாயம் உள்ள விளையாட்டு என்பதால் குதிரையேற்றம் கடைசிப் படிகளில்தான் வரும், அதுவும் அறிகுறிகள் முழுதும் நீங்கி மருத்துவர் அனுமதித்தபின்.

தலைவலி கூடிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, தூக்கக் கலக்கம், வலிப்பு, கை கால் பலவீனம், கண்மணிகள் அளவில் மாறுபடுவது, மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிவது, கழுத்து வலி: இவற்றில் எது தெரிந்தாலும் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

விழுந்ததும் உடனே ஏறிவிட வேண்டும், இல்லையென்றால் பயம் தங்கிவிடும் என்கிறார்களே?

பாதிதான் சரி. மெத்தென்ற மணலில் உருண்டு, அடியில்லாமல் எழுந்தவர் அன்றே ஏறி ஒரு சுற்று நடந்துவிட்டு இறங்குவதில் தவறில்லை. ஆனால் விழுந்த வேகத்தில் அட்ரினலின் உடலெங்கும் ஓடும்போது வலி தெரியாது. உடைந்த விலா எலும்போடும் கலங்கிய தலையோடும் ஏறியவர்கள் உண்டு. யாராவது வற்புறுத்தினால் மறுக்கும் உரிமை உங்களுடையது. சில வாரம் கழித்து ஏறினால் பயம் நிரந்தரமாகிவிடும் என்பது உண்மையில்லை. தயாராகாத உடம்போடு அதே தடைக்கு மறுபடி போய் மறுபடி விழுவதுதான் பயத்தை ஆழப் பதிக்கும்.

பாதுகாப்புக் கருவிகளில் எதை மாற்ற வேண்டும்?

ஹெல்மெட் தரையிலோ கம்பத்திலோ மோதியிருந்தால் மாற்றுங்கள், வெளியே கீறல் இல்லாவிட்டாலும்கூட. உள்ளே இருக்கும் நுரை ஒருமுறை நசுங்கி அதிர்ச்சியை வாங்கத்தான் செய்யப்பட்டது. நசுங்கிய இடம் அடுத்த மோதலில் உதவாது. பிஏஎஸ் 015, ஏஎஸ்டிஎம் எஃப்1163, விஜி1 போன்ற தர அடையாளம் உள்ளே ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வாரைப் பூட்டாமல் தலையைக் குனிந்து ஆட்டினாலும் ஹெல்மெட் நழுவக் கூடாது.

உடல்கவசம் என்றால் தடை தாண்டுவதற்கு ஐரோப்பியத் தரம் இஎன் 13158-இன் மூன்றாம் நிலை. விழும்போது காற்று நிரம்பி உடலைக் காக்கும் காற்றுக் கவசம் போடுபவர்கள் சேணத்தோடு இணைக்கும் கயிற்றின் நீளத்தைச் சரிபாருங்கள். டூ பாயின்டில், அதாவது இருக்கையைச் சேணத்திலிருந்து தூக்கும் நிலையில், எழும்போது அது இறுகிக் காற்று நிரம்பிவிடக் கூடாது.

பலரும் மறப்பது அங்கவடி. பூட்ஸின் அகன்ற பகுதிக்கு இருபுறமும் ஏறத்தாழ ஒரு விரல் இடம் வேண்டும்; அதாவது மொத்தம் 2 முதல் 2.5 சென்டிமீட்டர். குறைந்தால் கால் சிக்கும், அதிகமானால் பாதம் முழுக்க உள்ளே போய்விடும். சேணத்தில் அங்கவடி வார் மாட்டும் இரும்பின் வால் திறந்தே இருக்கட்டும். கால் சிக்கி விழுந்தால் வார் கழன்று வர வேண்டும், உங்களை இழுத்துப் போகக் கூடாது.

நான் ஏன் விழுந்தேன் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

காணொளி இருந்தால் மெதுவாக ஓட்டிப் பாருங்கள், தனியாக வேண்டாம், பயிற்றுநரோடு. தாண்டலின் எந்தக் கட்டத்தில் உங்கள் கீழ்க்கால் இடம் மாறியது என்பதை மட்டும் தேடுங்கள். விழும் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதில் பயனில்லை.

குதிரை நின்றுவிட்டு நீங்கள் மட்டும் தடைக்கு அப்பால் போயிருந்தால், பெரும்பாலும் எழும்புமுன்பே உங்கள் உடல் முன்னே போயிருக்கும். தரை தொட்டதும் குதிரையின் கழுத்துப் பக்கம் சரிந்திருந்தால் குதிகால் மேலேறி முழங்கால் பூட்டிக்கொண்டிருக்கும். பக்கவாட்டில் விழுந்தீர்கள் என்றால், தாண்டும்போது ஒரு தோளைக் குனிந்து ஒரு அங்கவடியில் மட்டும் எடை வைக்கும் பழக்கமோ சேணம் சுழன்றதோ காரணமாக இருக்கலாம். குதிரையே தடுக்கி விழுந்திருந்தால் அதில் உங்கள் நிலைக்குப் பெரிய பங்கு இருக்காது. அப்படிப்பட்ட விபத்துக்குத் தன்னையே குற்றம் சாட்டிக்கொண்டு திரும்பி வருபவர்கள் அதிகம். அந்தச் சுமையை முதலில் இறக்கி வையுங்கள். தரை, தடையின் அமைப்பு, குதிரையின் கால் ஆகியவற்றைத்தான் அப்போது பார்க்க வேண்டும்.

சரியான தாண்டும் நிலை எது?

டூ பாயின்ட் என்று சொல்வது, இருக்கை சேணத்தை விட்டு எழுந்து இரண்டு கால்கள் மட்டும் குதிரையைத் தொட்டிருக்கும் நிலை. உடலை முன்னே கொண்டுவந்து குதிரையின் முதுகை விடுவிக்கும் இந்த முறையை 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி ஃபெடெரிகோ காப்ரில்லி வகுத்தார். அதற்கு முன் தாண்டும்போது பின்னே சாய்ந்து உட்காருவதே வழக்கம். குதிரையின் வாயும் முதுகும் அந்த அடியைத் தாங்கின.

பக்கத்திலிருந்து பார்க்கும்போது அங்கவடி வார் தரைக்குச் செங்குத்தாகத் தொங்க வேண்டும். குதிகால் கட்டைவிரலைவிடத் தாழ்ந்து, இடுப்பு பின்னே மடிந்து குதிகாலுக்கு நேர்மேலே, தோள் முழங்காலுக்கு மேலே அல்லது சற்று முன்னே. முதுகு நேராக, மடிவது இடுப்பு மூட்டில்தான், வயிற்றில் இல்லை. பார்வை அடுத்த தடையில். முழங்கையிலிருந்து குதிரையின் வாய் வரை கை, லகான் இரண்டும் ஒரே கோட்டில் இருந்தால் நல்லது.

சோதித்துப் பார்க்க ஒரு வழி: கீழே இருந்து குதிரையை உருவி எடுத்துவிட்டால் நீங்கள் இரண்டு காலில் நின்றபடி தரையில் இறங்குவீர்களா, மூக்கு குத்துவீர்களா? நிற்பீர்கள் என்றால் நிலை சரி.

அங்கவடியை எவ்வளவு குறுக்க வேண்டும்?

தட்டையான சவாரிக்கு (தடை தாண்டாத சவாரி) வைத்திருக்கும் நீளத்திலிருந்து இரண்டு முதல் நான்கு துளை. காலைத் தளர்வாகத் தொங்கவிட்டால் அங்கவடியின் அடித்தட்டு கணுக்கால் எலும்பில் படும் அளவு நல்ல தொடக்கம். குறுக்குவது ஏன்? இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் மடிந்திருந்தால்தான் அதிர்வை வாங்க இடமிருக்கும். நீளமான அங்கவடியில் எழுந்தால் முழங்கால் நேராகிவிடும். பிறகு குதிரை எழும்பும் விசை நேராக உங்கள் உடலைத் தூக்கி எறியும்.

விபத்துக்குப்பின் பலர் "நீளமாக இருந்தால் பிடிமானம் அதிகம்" என்று நினைத்து நீட்டிக்கொள்கிறார்கள். தடை தாண்டுவதில் அது நேர்மாறாக வேலை செய்யும். முழங்காலிலோ கணுக்காலிலோ பழைய அடி இருந்தால் ஒரே நாளில் நான்கு துளை குறுக்காதீர்கள். வாரம் ஒரு துளையாகப் போங்கள்.

தாண்டும்போது என் கீழ்க்கால் பின்னே பறக்கிறது. ஏன்?

முழங்காலால் இறுக்குவதால். முழங்கால் சேணத்தைக் கவ்வினால் அது கதவின் கீல் ஆகிவிடும். கீழ்க்கால் பின்னே ஆடும், மேலுடல் முன்னே கவிழும். "குதிகாலை அழுத்து" என்ற கட்டளை மட்டும் இதைத் தீர்க்காது. முழங்காலைத் தளர்த்தாமல் குதிகாலை அழுத்தினால் பாதம் முன்னே தள்ளப்பட்டு இருக்கை பின்னே விழும்.

முதலில் குதிரை நிற்கும்போது டூ பாயின்டில் எழுந்து, முழங்காலுக்கும் சேண மடலுக்கும் இடையே ஒரு தாள் நுழையும் அளவு விடுங்கள். எடை உள்தொடை வழியாக இறங்கி, கெண்டைக்காலின் உட்புறம் குதிரையை மெல்ல அணைத்து, கணுக்காலில் முடியட்டும். பாதத்தின் அகன்ற பகுதி அங்கவடியின் மேல் இருக்க வேண்டும். விரல் நுனியில் நின்றால் கணுக்கால் மடியாது. இதையே நடையில், பிறகு ட்ராட்டில் (நடையைவிட வேகமான துள்ளோட்டம்) செய்யுங்கள். ட்ராட்டில் ஒவ்வொரு அடிக்கும் கணுக்கால் சற்று இறங்கி ஏறுவது உங்களுக்கே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் எங்கோ பூட்டியிருக்கிறீர்கள்.

இன்னொரு பயிற்சி: ட்ராட்டில் இரண்டு அடி எழுந்து, ஒரு அடி உட்காருவது. வழக்கமான ஏறி இறங்கும் தாளம் உடைவதால், கால் தன்னிடத்தில் இல்லாதவர் உடனே பின்னே விழுவார். இருபுற வட்டத்திலும் செய்து பாருங்கள். ஒருபக்கம் மட்டும் தடுமாறினால் அடிபட்ட பக்கத்தைக் காப்பாற்றும் பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

குதிரை எழும்புமுன்பே நான் முன்னே சாய்ந்துவிடுகிறேன். எப்படி நிறுத்துவது?

தாண்டலை நீங்கள் தொடங்க வேண்டியதில்லை என்று உடம்புக்குக் கற்பிக்க வேண்டும். குதிரையின் முன்னுடல் எழும்பும்போது அதன் கழுத்து உங்களை நோக்கி வரும். இடுப்பின் கோணம் தானாக மூடும். முன்கூட்டியே நீங்கள் மூடினால், எடை முன்னங்காலில் ஏறிக் குதிரைக்கு எழும்புவது கடினமாகும். நின்றுவிட்டால் உங்களைத் தாங்க எதுவும் இருக்காது. விபத்துகளில் இது அடிக்கடி காணப்படும் பிழை என்பதால் இங்கே நேரம் செலவிடுங்கள்.

தடைக்கு முன் வைக்கும் தரைக் கம்பம் இதற்கு நல்ல மருந்து. ட்ராட்டில் போனால் தடையிலிருந்து 2.4 முதல் 2.7 மீட்டர் தள்ளி வையுங்கள். எங்கே எழும்புவது என்பதைக் கம்பமே முடிவு செய்துவிடுவதால் நீங்கள் ஊகிக்க ஒன்றும் மிஞ்சாது. கம்பத்தைக் கடக்கும்வரை தோளை நிமிர்த்தி, இருக்கையைச் சேணத்துக்கு அருகில் வைத்துக்கொண்டு, "காத்திரு" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

நான் எதிர்மாறு: பின்தங்கி, குதிரையின் வாயை இழுத்துவிடுகிறேன்.

குதிரையின் கழுத்தைச் சுற்றி, பிடித்துக்கொள்ள ஒரு கழுத்து வார் கட்டுங்கள். பழைய அங்கவடி வார் ஒன்று போதும். டூ பாயின்டில் இருக்கும்போது கை இயல்பாகப் போய் நிற்கும் இடத்தில், கழுத்தின் கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இருக்கட்டும். தரைக் கம்பத்தைக் கடக்கும்போதே அதையோ ஒரு பிடி பிடரி மயிரையோ பற்றிக்கொள்ளுங்கள். போட்டியாளர்களும் பிடரியைப் பிடிப்பார்கள். இதில் வெட்கப்பட ஏதுமில்லை. குதிரையின் வாய் இழுபடாமல் இருப்பது உங்கள் கௌரவத்தைவிட முக்கியம்.

அடுத்த கட்டம், கைகளைக் கழுத்தின் மேற்புறத்தில் அழுத்தி ஊன்றி லகானைத் தளர்த்துவது. கழுத்தில் ஊன்றாமல் வாயின் அசைவைக் கை பின்தொடரும் முறை, கால் முற்றிலும் நிலைத்தவர்களுக்கானது; விபத்திலிருந்து திரும்புபவர்கள் அதற்கு அவசரப்பட வேண்டாம்.

பயந்தால் என் உடம்பு ஏன் தானாகச் சுருங்குகிறது?

ஆபத்து என்று மூளை கருதினால் வயிற்றைக் காக்க உடல் சுருளும். தோள் முன்னே வளையும், முழங்கால் உள்ளே இறுகும், குதிகால் ஏறும், கை முட்டி மடங்கும், மூச்சு மேல்நெஞ்சில் நிற்கும். பட்டியலைப் பாருங்கள்: தாண்டும் நிலையைக் கெடுக்கும் எல்லாப் பிழைகளும் இதில் இருக்கின்றன. மேலும் இறுகிய முழங்காலையும் இறுகிய லகானையும் குதிரை உணர்கிறது. ஒன்று வேகமெடுக்கும், இல்லை தயங்கும். இரண்டும் உங்கள் பயத்தை நியாயப்படுத்துவது போலத் தோன்றும்.

"பயப்படாதே" என்று சொல்லிப் பயனில்லை. சுருள்வதைப் பகுதி பகுதியாகத் தளர்த்தலாம். மூச்சை வெளியே விடுவது எல்லாவற்றிலும் எளிது: மூன்று எண்ணும்வரை உள்ளே, ஐந்தோ ஆறோ எண்ணும்வரை வெளியே. நீண்ட வெளிமூச்சில் வயிறும் தொடையும் தளரும், குதிகால் கீழே போகும். வாய்விட்டுப் பாடுவதும் இதையே செய்கிறது. பாடும்போது மூச்சை அடக்க முடியாது.

எங்கிருந்து தொடங்குவது? படிகளைச் சொல்லுங்கள்.

விழுவதற்கு முன் 1 மீட்டர் தாண்டியிருந்தாலும் தரையிலிருந்தே தொடங்குங்கள். பெரும்பாலான குதிரைகளுக்கு 50 சென்டிமீட்டர் தடை, சற்று உயர்ந்த அடி மட்டுமே. அந்த உயரத்தில் நீங்கள் செய்யும் தவறுகளைக் குதிரை பொறுத்துக்கொள்ளும். அந்தப் பொறுமையைப் பயன்படுத்திக்கொள்ளத்தான் தாழ்ந்த தடை.

முதலில் தடையே வேண்டாம். நீள்கயிற்றில் பயிற்றுநர் குதிரையை வட்டமாக ஓட்ட, நீங்கள் லகான் இல்லாமல் கைகளை விரித்து, இடுப்பில் வைத்து, தலைக்கு மேல் தூக்கி ட்ராட் செய்யுங்கள். பிறகு தனியாக, டூ பாயின்டில் ட்ராட்: 30 நொடியில் தொடங்கி, கழுத்தைத் தொடாமல் 2 நிமிடம் இரு திசையிலும் நிற்க முடிந்தால் அடுத்ததற்குப் போகலாம்.

அடுத்து தரைக் கம்பங்கள். நடைக்கு இடைவெளி 80 முதல் 90 சென்டிமீட்டர், ட்ராட்டுக்கு 1.2 முதல் 1.4 மீட்டர். ஒரு கம்பம் வையுங்கள், அல்லது மூன்று நான்கு வையுங்கள். இரண்டு மட்டும் வைத்தால் சில குதிரைகள் இரண்டையும் சேர்த்து ஒரே தாவாகத் தாவும். அந்த எதிர்பாராத தாவு இப்போது உங்களுக்குத் தேவையில்லை.

மூன்றாவது, 2.5 மீட்டர் முன்னே தரைக் கம்பத்தோடு ஒரு குறுக்குக் கம்பத் தடை. நடுப்பகுதி 30 முதல் 40 சென்டிமீட்டர். பெருக்கல் குறி வடிவம் குதிரையை நடுவுக்கே இழுத்துவரும், நீங்கள் வழிகாட்ட வேண்டிய வேலை குறையும். ட்ராட்டில் வாருங்கள், தாண்டியபின் கேன்டர் (ட்ராட்டைவிட வேகமான பாய்ச்சல் ஓட்டம்) வந்தால் வரட்டும், நேராகப் போய் மூலைக்கு முன் ட்ராட்டுக்கு இறங்குங்கள்.

இது சலிப்பூட்டும் அளவுக்கு எளிதானபின் வரிசைத் தடைகள். தரைக் கம்பம், 2.5 மீட்டரில் குறுக்குக் கம்பம், அங்கிருந்து 5.5 மீட்டரில் சிறிய நேர்த்தடை (கம்பங்கள் ஒன்றுக்கு நேர்மேல் ஒன்றாக நிற்கும் தடை). ட்ராட்டில் நுழைந்தால் இடையே ஒரு கேன்டர் ஸ்ட்ரைடு (நான்கு கால்களும் ஒருமுறை வைக்கும் ஒரு முழு எட்டு) வரும். பழகியபின் மேலும் 10 மீட்டர் தள்ளி மூன்றாவது தடை, இடையே இரண்டு ஸ்ட்ரைடு. தூரத்தை அளந்து வைத்திருப்பதால் குதிரை சரியான இடத்தில் எழும்பும். நம்பிக்கை மீள இதைவிடச் சிறந்த கருவி கிடையாது: ஒரே விதத்தில் நடக்கும் தாண்டல் திரும்பத் திரும்பக் கிடைக்கிறது, உடம்பு "இப்படித்தான் இருக்கும்" என்று மறுபடி நம்பத் தொடங்குகிறது. தடைகளை ஒன்றொன்றாகச் சேருங்கள். முதல் சுற்றிலேயே மூன்றையும் எழுப்பி வைக்காதீர்கள்.

தனித் தடைக்குக் கேன்டரில் வருவது கடைசியில். அதற்கு முன் தரையில் ஒரே கம்பத்தை வைத்துக் கேன்டரில் கடந்து பழகுங்கள்.

இடைவெளிகளை எல்லாக் குதிரைக்கும் அப்படியே வைக்கலாமா?

கூடாது. கேன்டர் ஸ்ட்ரைடு ஏறத்தாழ 3.6 மீட்டர் என்பது பெரிய குதிரைக்கு, திறந்த வேகத்தில். குட்டையான குதிரைக்கும் தாழ்ந்த தடைக்கும் சிறிய மைதானத்துக்கும் அது குறையும். கீழே நிற்பவர் குதிரையின் கால்களைப் பார்த்து மாற்ற வேண்டும். கம்பத்தைத் தட்டிக்கொண்டே நெருக்கி எழும்பினால் இடைவெளி குறுகல். தாவிப் பிடித்தால் அகலம். 10 முதல் 20 சென்டிமீட்டர் மாற்றமே பெரிய வேறுபாடு தரும். குதிரை களைக்கும்போது ஸ்ட்ரைடு சுருங்கும், அதையும் கவனியுங்கள்.

தடையை அமைப்பதில் எதைக் கவனிக்க வேண்டும்?

கம்பத்தை ஏந்தும் தாங்கிகளில் பயன்படுத்தாதவற்றைத் தூணிலிருந்து கழற்றிவிடுங்கள். காலியான தாங்கியின் மேல் விழுவது மோசமான காயம் தரும். நேர்த்தடையின் அடியில் தரைக்கோட்டுக் கம்பம் குதிரை வரும் பக்கத்தில், 15 முதல் 30 சென்டிமீட்டர் முன்னே இருக்க வேண்டும். அது பின்பக்கம் தள்ளிப் போயிருந்தால் குதிரை அடிப்பகுதியைப் பார்த்துத் தூரத்தைத் தவறாகக் கணிக்கும். இரட்டைக் கம்பத் தடையில் பின்கம்பம் ஒருபோதும் முன்கம்பத்தைவிடத் தாழக் கூடாது, பின்கம்பத்துக்கு எளிதில் கழலும் பாதுகாப்புத் தாங்கி வேண்டும்.

தடையை நெருங்கும் கடைசி ஸ்ட்ரைடுகளில்தான் உறைந்துபோகிறேன்.

"மூன்று, இரண்டு, ஒன்று" என்று இறங்குவரிசையில் எண்ணுவதை நிறுத்துங்கள். அது வெடிக்கும் நேரத்தை எண்ணுவது போல உடலை இறுக்கும். "ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு" என்று கேன்டரின் தாளத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தாண்டி, தாண்டியபின்னும் சொல்லுங்கள். பார்வையைத் தடையின் மேல்கம்பத்துக்கு அப்பால் கண் மட்டத்தில் உள்ள ஒரு பொருளில் நிறுத்துங்கள். தரையைப் பார்த்தால் தலை குனியும், தலை குனிந்தால் தோள் வரும்.

கடைசி நேரத்தில் கையால் குதிரையின் தலையைத் திருத்த முயலாதீர்கள். நெற்றிக்கு நேர்முன்னே, மூக்குக்கு அடியில் குதிரைக்குப் பார்வை மறைவு உண்டு. தடையை அது முன்பே அளந்திருக்கும், எழும்பும் நேரத்தில் தலையை அசைக்கச் சுதந்திரம் வேண்டும். உங்கள் வேலை திருப்பத்திலேயே முடிந்துவிட வேண்டும்: நேரான கோடு, சீரான வேகம். திருப்பம் சரியில்லையா? தடைக்குப் போகாமல் வட்டமிட்டு மறுபடி வாருங்கள். ஆனால் கடைசி இரண்டு மூன்று ஸ்ட்ரைடில் இழுத்துத் திருப்பாதீர்கள். அது தப்பித்துப் போகக் குதிரைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும்.

குதிரை நின்றுவிட்டால் என்ன செய்வது?

நிமிர்ந்து உட்காருங்கள், குதிகால் கீழே, தடையை நோக்கி நேராக ஒரு கணம் நில்லுங்கள். திட்டவோ அடிக்கவோ வேண்டாம். தடையைத் தாழ்த்தி, தேவைப்பட்டால் கம்பத்தைத் தரைக்கே இறக்கி, ட்ராட்டில் வாருங்கள். இரண்டாம் முறையும் நின்றால் அன்று தடையை விட்டுவிட்டுக் காரணம் தேடுங்கள். முதுகு வலி, சேணம் பொருந்தாதது, குளம்பு, பல், வழுக்கும் தரை, முந்தைய தாண்டலில் வாயில் பட்ட இழுப்பு என்று எதுவும் இருக்கலாம். விபத்தில் குதிரையும் விழுந்திருந்தால், உங்களுக்கு மருத்துவர் பார்த்தது போல அதற்கும் கால்நடை மருத்துவர் பார்த்திருக்க வேண்டும்.

அதே குதிரையில்தான் திரும்ப வேண்டுமா?

வேண்டியதில்லை. முதல் சில வாரங்களுக்கு, ஒரே வேகத்தில் போகும், கம்பங்களைப் பார்த்துப் பதறாத, வயதான பயிற்சிக் குதிரை கிடைத்தால் அதுவே மேல். உங்கள் சொந்தக் குதிரை இளமையும் வேகமும் உள்ளது என்றால், உங்கள் கால் நிலைக்கும்வரை அனுபவமுள்ள ஒருவர் அதைத் தாண்ட வைக்கட்டும். இருவரும் ஒரே நேரத்தில் பயந்துகொண்டு கற்பது மெதுவாகவும் ஆபத்தாகவும் போகும். நேர்மையாகப் பார்த்தபின் இந்தக் குதிரை உங்கள் திறனுக்கு மீறியது என்று தெரிந்தால், மாற்றுவது முறையான முடிவு.

ஒரு வகுப்பில் எவ்வளவு தாண்டலாம்? எப்போது நிறுத்துவது?

சிறிய தடைகள் என்றால் 10 முதல் 15 தாண்டல், வாரத்தில் இரண்டு நாள் போதும். மற்ற நாட்களில் தட்டையான சவாரியும் கம்பங்களும்.

பயத்தை 0 முதல் 10 வரை மதிப்பிட்டுப் பயிற்றுநரிடம் எண்ணாகச் சொல்லுங்கள். 3, 4 இருக்கும் இடத்தில் வேலை செய்யுங்கள். அங்கே உடம்பு கற்றுக்கொள்ளும். 6, 7 ஆனால் ஒரு படி இறங்குங்கள். அதே பயிற்சி 2-க்கு வந்ததும் அன்றைக்கு நிறுத்திவிடலாம். "நன்றாகப் போகிறது, இன்னும் ஒன்று, சற்று உயர்த்தி" என்ற ஆசைதான் களைத்த குதிரையையும் களைத்த கணுக்காலையும் ஒன்றுசேர்க்கும்.

வீட்டில் என்ன பயிற்சி செய்யலாம்?

படிக்கட்டின் விளிம்பில் பாதத்தின் முன்பகுதியை வைத்துக் குதிகாலைத் தொங்கவிடுங்கள்: 30 நொடி, மூன்று முறை. கெண்டைக்கால் நீளாமல் குதிகால் இறங்காது. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்று, முழங்காலைச் சற்று மடித்து, முதுகு நேராக இடுப்பைப் பின்னே தள்ளிச் சுவரைத் தொட்டு வாருங்கள். டூ பாயின்டில் இடுப்பு மடிவது இதே அசைவுதான். ஒற்றைக் காலில் நிற்பது, முன்கையூன்றி உடலைப் பலகை போலத் தாங்குவது இரண்டும் உதவும். முறிவுக்குப் பின் என்றால் பிசியோதெரபிஸ்ட் சொல்லும் வரிசைதான் முதலில்.

எப்போது உளவியல் நிபுணரைப் பார்க்க வேண்டும்?

விழுந்த காட்சி கூப்பிடாமலே கண்முன் வருவது, கெட்ட கனவு, லாயத்தின் பக்கமே போக முடியாமை, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுதல் ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் பாருங்கள். விபத்துக்குப் பிந்தைய மன அதிர்ச்சிக்கு நல்ல சிகிச்சைகள் உண்டு. அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை அவற்றில் ஒன்று. கம்ப இடைவெளியைச் சரிசெய்து தீர்க்கக்கூடிய விஷயம் இல்லை அது. பயிற்றுநரால் அதைச் செய்யவும் முடியாது.

நன்றாக முன்னேறிக்கொண்டிருந்தேன், திடீரென்று பயம் திரும்பிவிட்டது.

பெரும்பாலும் ஏதாவது ஒன்று மாறியிருக்கும்: புதிய மைதானம், காற்றடித்த நாள், விழுந்த தடையின் அதே நிறக் கம்பம், இரண்டு வார இடைவெளி. தோல்வி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு படி இறங்கி, தரைக் கம்பத்தில் தொடங்குங்கள். முதன்முறை வாரக்கணக்கில் எடுத்தது இம்முறை ஒரு வகுப்பிலேயே மீளும். இறங்கும்போது அங்கவடியையும் பாருங்கள்; வார் நீண்டுபோய் ஒரு பக்கம் தாழ்ந்திருப்பது அடிக்கடி நடக்கும், குறிப்பாக ஏறும் பக்கமான இடதுபுறத்தில். அவ்வப்போது இரு வார்களையும் இடம் மாற்றிப் போடுங்கள்.

எப்போது உயரத்தைக் கூட்டலாம்?

இப்போதைய உயரத்தில் தொடர்ந்து மூன்று வகுப்புகளில் கீழ்க்கால் அசையாமல், பிடரியைத் தேடாமல், பயம் 2-ஐத் தாண்டாமல் போயிருந்தால் 5 முதல் 10 சென்டிமீட்டர் கூட்டலாம். வரிசைத் தடையில் கடைசித் தடையை மட்டும் முதலில் உயர்த்துங்கள். உயரமும் அகலமும் ஒரே நாளில் வேண்டாம். தனித் தடையில் புதிய உயரத்தை வைக்கும் நாளில் குதிரையும் மைதானமும் பழகியவையாக இருக்கட்டும். விழுந்த அதே வகைத் தடையை, அது இரட்டைக் கம்பமோ பலகைச் சுவரோ எதுவானாலும், முதலில் விழுந்த உயரத்தில் பாதிக்கு வைத்துத் தாண்டுங்கள்.